ராபர்ட் நீலண்ட்

ராபர்ட் ரீஸ் நீலண்ட் (பெப்ரவரி 17, 1892 – மார்ச் 28, 1962) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த படைத்துறைப் பொறியாளரும் அமெரிக்கக் காற்பந்தாட்டப் பயிற்றுனரும் ஆவார். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் உள்ள டென்னசி பல்கலைக்கழகத்தின் அணிக்கு 1926 முதல் 1952 வரை மூன்று காலப்பகுதிகளில், மொத்தம் 21 பருவங்கள், தலைமைப் பயிற்றுனராகப் பணியாற்றினார். இவரது அணிகள் ஆடிய 216 ஆட்டங்களில் 173 இல் வென்றன; 31 இல் தோற்றன; 12 சமநிலையில் முடிந்தன. அவற்றுள் 112 ஆட்டங்களில், அதாவது பாதிக்கும் மேற்பட்டவற்றில், எதிரணி ஒரு புள்ளியைக்கூட எடுக்கவில்லை.

பந்து களத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே புள்ளிகளைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தையும், அந்த இடத்தை மாற்றும் வலிமை பந்தை உதைக்கும் ஆட்டத்திற்கே மிகுதியாக உண்டு என்ற கருத்தையும் தம் பயிற்சியின் மையமாகக் கொண்டவர் என்பதால் இவர் அவ்விளையாட்டின் வரலாற்றில் தனியிடம் பெறுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது இவர் இந்தியாவிலும் பணியாற்றினார். 1945 இல் கல்கத்தாவில் அமைந்திருந்த அமெரிக்கப் படை வழங்கல் தளத்தின் கட்டளை அதிகாரியாக இருந்தார்.

இளமையும் கல்வியும்

நீலண்ட் டெக்சாஸ் மாநிலத்தின் கிரீன்வில் என்னும் ஊரில் பிறந்தார். உள்ளூர்க் கல்லூரியிலும், பின்னர் டெக்சாஸ் வேளாண்மை மற்றும் இயந்திரவியல் கல்லூரியிலும் சிறிது காலம் பயின்றார். 1912 இல் வெஸ்ட் பாயிண்டில் உள்ள ஐக்கிய அமெரிக்கப் படைத்துறைக் கல்விக்கழகத்தில் சேர்ந்து 1916 இல் பட்டம் பெற்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான டுவைட் ஐசனாவர், படைத்தலைவரான ஓமார் பிராட்லி ஆகியோர் அதே கழகத்தில் இவருக்கு ஓராண்டு முந்திய வகுப்பில் பயின்றவர்கள்.

மாணவராக இருந்த காலத்தில் மூன்று விளையாட்டுகளில் இவர் புகழ் பெற்றிருந்தார். காற்பந்தாட்டத்தில், 1914 இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காத கழக அணியில் இடம்பெற்றிருந்தார். அடிபந்தாட்டத்தில் பந்தெறிபவராக 35 வெற்றிகளையும் 5 தோல்விகளையும் பெற்றார். அவற்றுள் 20 வெற்றிகள் தொடர்ச்சியானவை. குத்துச்சண்டையில் கழகத்தின் மிகையெடைப் பிரிவு வாகையராகத் திகழ்ந்தார். தொழில்முறை அடிபந்தாட்ட அணிகள் இவரை அழைத்தன. எனினும் இவர் படைத்துறையையே தேர்ந்தெடுத்தார்.

படைத்துறைப் பணி

பட்டம் பெற்றபின் நீலண்ட் படையின் பொறியியற் பிரிவில் அமர்த்தப்பட்டார். முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் பணியாற்றினார். போருக்குப் பின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் மேற்படிப்பை முடித்தார். பின்னர் வெஸ்ட் பாயிண்டிற்குத் திரும்பி, அப்போது கழகத்தின் தலைவராக இருந்த டக்ளஸ் மக்கார்தருக்கு உதவி அதிகாரியாகவும், கழகக் காற்பந்து அணிக்குத் துணைப் பயிற்றுனராகவும் இருந்தார். 1923 இல் இவருக்குத் திருமணம் நடைபெற்றது. இவருக்கு இரண்டு மகன்கள்.

1925 இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் மாணவர் படைப் பயிற்சித் திட்டத்தின் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு அங்கே காற்பந்துத் துணைப் பயிற்றுனராகவும் இருந்து, அடுத்த ஆண்டே தலைமைப் பயிற்றுனர் ஆனார். இந்நியமனத்தைச் செய்தவர் விளையாட்டுக் குழுவின் பொறுப்பிலிருந்த பொறியியற் பேராசிரியர் நேதன் டொகர்ட்டி ஆவார். அதே மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திடம் டென்னசி அணி பல ஆண்டுகளாகத் தோற்றுவந்தது. அந்நிலையை மாற்றுவதே புதிய பயிற்றுனருக்கு இடப்பட்ட முதற் பணியாகும்.

ஆட்டத்தின் அடிப்படை

நீலண்டின் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள, அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் சில விதிகளை அறிந்திருத்தல் வேண்டும். பெயரில் காற்பந்து என்று இருந்தாலும் இது பெரும்பாலும் கையால் ஆடப்படும் ஆட்டம். ஆடுகளம் 100 கெஜம் (91.44 மீட்டர்) நீளமுடையது. அதன் இரு முனைகளிலும் 10 கெஜ அளவுள்ள முடிவு வலயங்கள் உண்டு. அணிக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் 4 முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குச் சென்றுவிடும்.

புள்ளிகள் பெறும் வழிகள் பின்வருமாறு:

* டச்டவுன் – பந்தை எதிரணியின் முடிவு வலயத்திற்குள் கொண்டு சேர்த்தல், 6 புள்ளிகள்.
* கூடுதல் முயற்சி – டச்டவுனுக்குப் பின் தரப்படுவது, 1 புள்ளி. 1958 முதல் கல்லூரி ஆட்டத்தில் ஓடியோ எறிந்தோ எடுத்தால் 2 புள்ளிகள்.
* களக் கோல் – பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தல், 3 புள்ளிகள்.
* சேஃப்டி – பந்தை வைத்திருப்பவரை அவருடைய சொந்த முடிவு வலயத்திலேயே மடக்கிப் பிடித்தல்; பிடித்த அணிக்கு 2 புள்ளிகள்.

முன்னேற இயலாது எனக் கருதும் அணி, பந்து நின்ற இடத்தில் அதை எதிரணியிடம் விட்டுவிடுவதற்குப் பதிலாகத் தொலைவிற்கு உதைத்துவிடலாம். பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையைத் தொடும் முன் உதைக்கும் இம்முறை 'பண்ட்' எனப்படும். எதிரணி வீரர் அப்பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடிவரலாம். ஆட்டத்தின் தொடக்கத்திலும், புள்ளி எடுக்கப்பட்ட பின்னரும் தொடக்க உதை நிகழும். பண்ட், தொடக்க உதை, களக் கோல், இவற்றைத் தடுத்தல், பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுதல் ஆகியவற்றுக்கெனத் தனியே களமிறக்கப்படும் வீரர் குழுக்களை இக்காலத்தில் 'சிறப்பு அணிகள்' என்பர்.

நீலண்டின் காலத்தில் பெரும்பாலும் அத்தகைய தனிக் குழுக்கள் இல்லை. 1941 வரை ஆட்டக்காரரை மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தமையால், அதே பதினொருவரே தாக்கவும் தடுக்கவும் உதைக்கவும் வேண்டியிருந்தது.

கள நிலைக் கோட்பாடு

பந்து எதிரணியின் இலக்குக் கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே 'கள நிலை' எனப்படும். நீலண்டின் கருத்துப்படி, தவறுகளைக் குறைவாகச் செய்யும் அணியே வெல்லும். தவறு எல்லோருக்கும் நேரும். ஆனால் அது களத்தின் எப்பகுதியில் நேர்கிறது என்பதே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. நடுக்களத்தில் பந்தை நழுவவிட்டால் ஒரு வாய்ப்பு மட்டுமே போகும். தன் இலக்குக் கோட்டின் அருகே நழுவவிட்டால் ஆட்டமே போய்விடும்.

ஆகவே, தன் பகுதியில் பந்தை நெடுநேரம் வைத்திருந்து ஆபத்தை விலைக்கு வாங்குவதைவிட, அதை எதிரணியின் பகுதிக்குள் ஆழமாக உதைத்துவிட்டு, வலுவான தடுப்பாட்டத்தால் அவர்களை அங்கேயே நிறுத்தி வைப்பதை இவர் விரும்பினார். எதிரணி தன் முனையிலிருந்து உதைக்கும் பந்து நெடுந்தொலைவு செல்லாது. அடுத்த முறை டென்னசி அணி முன்னைவிட 10 அல்லது 15 கெஜம் முன்னேறிய இடத்தில் தொடங்கும். இவ்வாறு இரண்டு, மூன்று முறை மாறி மாறி உதைத்தபின், ஒரு முறைகூட நெடுந்தொலைவு ஓடாமலேயே ஓர் அணி எதிரணியின் வாயிலை அடைந்துவிடும்.

இம்முறை அக்காலத்திற்குப் பொருந்தியதற்குச் சில காரணங்கள் உள்ளன:

* 1930களின் நடுப்பகுதிவரை பந்து இன்றையதைவிடப் பருத்திருந்தது. எனவே தொலைவிற்குத் துல்லியமாக எறிவது கடினமாயிற்று.
* 1927 இல் கல்லூரி ஆட்டத்தின் கோல் கம்பங்கள் முடிவு வலயத்தின் பின்னெல்லைக்கு நகர்த்தப்பட்டன. களக் கோலின் தொலைவு 10 கெஜம் கூடியதால் அதன் மூலம் புள்ளி எடுப்பது அரிதாயிற்று.
* களம் முழுவதையும் ஓடியே கடக்க வேண்டுமாயின் பல முயற்சிகள் தேவைப்படும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை நழுவவிடும் ஆபத்து உண்டு.
* மழையும் சேறும் பந்தை வைத்திருப்பவருக்கே தீமை செய்தன.

இவர் கையாண்ட 'ஒற்றைச் சிறகு' என்னும் அணிவகுப்பும் இதற்கு உதவியது. இவ்வணிவகுப்பில் பந்து, சில கெஜம் பின்னால் நிற்கும் பின்கள வீரரிடம் நேராக எறியப்படும். அவர் ஓடலாம், எறியலாம், உதைக்கவும் செய்யலாம். மூன்றுக்கும் தொடக்க நிலை ஒன்றே என்பதால் எது நிகழும் என்பதை எதிரணி முன்கூட்டி அறிய இயலாது. நான்காம் முயற்சிவரை காத்திராமல் முதல், இரண்டாம் முயற்சிகளிலேயே எதிர்பாராமல் உதைக்கும்போது, பந்தைப் பிடிக்கப் பின்னே எவரும் நிற்கமாட்டார்கள். பந்து தரையில் உருண்டு மேலும் பல கெஜம் செல்லும். அணிகள் பலவும் 1940களில் 'டி' அணிவகுப்பிற்கு மாறியபோது இவர் மாறாததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. 'டி' அணிவகுப்பில் பந்தைப் பெறுபவர் முன்வரிசைக்கு ஒட்டி நிற்பதால் அவரால் அவ்வாறு உதைக்க இயலாது.

துடுப்பாட்டத்தில் ஒரு களத்தடுப்பாளர் பாய்ந்து தடுத்த ஓட்டங்கள் ஓட்ட அட்டையில் எங்கும் வருவதில்லை. ஆயினும் ஆட்டத்தின் முடிவில் அவை எண்ணிக்கையாக வந்து நிற்கின்றன. உதைத்துப் பெற்ற கெஜங்களும் அத்தகையனவே.

முதற் காலப்பகுதி (1926–1934)

1926 இல் டென்னசி அணி 8 ஆட்டங்களில் வென்று ஒன்றில் தோற்றது. அத்தோல்வி வேண்டர்பில்ட்டிடமே (20–3) நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவ்வணியுடன் 7–7 எனச் சமன் செய்தது. 1928 இல் 6–0 என வென்றது. அதன்பின் இப்போட்டியின் போக்கே மாறிவிட்டது. நீலண்டின் 21 பருவங்களில் வேண்டர்பில்ட்டிற்கு எதிரான கணக்கு 16 வெற்றி, 3 தோல்வி, 2 சமநிலை ஆகும்.

1926 முதல் 1932 வரையிலான ஏழு பருவங்களில் இவரது அணி 61 வெற்றி, 2 தோல்வி, 5 சமநிலை பெற்றது. இக்காலத்து ஆட்டங்களுள் இரண்டு இவரது கோட்பாட்டிற்குச் சான்றாகக் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, 1928 ஆம் ஆண்டு அக்டோபரில் டஸ்கலூசா நகரில் அலபாமா அணிக்கெதிராக நடந்த ஆட்டம். அக்காலத்தில் அலபாமா தென்மாநிலங்களின் மிக வலிய அணிகளுள் ஒன்று. தம் அணி மோசமாகத் தோற்கத் தொடங்கினால் ஆட்ட நேரத்தைக் குறைத்துக்கொள்ள இசையுமாறு அலபாமாவின் பயிற்றுனர் வாலஸ் வேடிடம் நீலண்ட் முன்னதாகவே கேட்டுக்கொண்டார் என்று கூறப்படுகிறது. இது எதிரணியை அசட்டையாக இருக்கச் செய்யும் உத்தியாக இருந்திருக்கலாம். ஆட்டத்தின் முதல் உதையிலேயே பந்தைப் பிடித்த டென்னசியின் ஜீன் மெக்கெவர் 98 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். டென்னசி 15–13 என வென்றது. இரண்டே புள்ளிகளில் முடிவான ஆட்டத்தில், வழக்கமான தாக்குதல் முயற்சி ஒன்றுகூடத் தொடங்கும் முன் கிடைத்த 6 புள்ளிகளின் பங்கு வெளிப்படை. டென்னசியின் பெயரை நாடறியச் செய்த வெற்றி இது.

இரண்டாவது, 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று பர்மிங்காம் நகரில் அதே அலபாமா அணியுடன் கொட்டும் மழையில் நடந்த ஆட்டம். நனைந்த பந்துடன் ஓடுவதைவிட அதை உதைத்துத் தள்ளுவதே பாதுகாப்பானது என்று இரு அணிகளும் கருதின. டென்னசியின் பீட்டி ஃபெதர்ஸ், அலபாமாவின் ஜானி கெய்ன் ஆகிய இருவரும் ஏறத்தாழ 20 முறை வீதம் பண்ட் செய்தனர். அலபாமா 3–0 என முன்னிலையில் இருந்தது. பின்னர் ஒரு முறை கெய்னுக்கு எறியப்பட்ட ஈரப்பந்து சரியாக வந்து சேரவில்லை. அவர் அவசரமாக உதைத்த பந்து சிறிது தூரமே சென்றது. இலக்குக் கோட்டிற்கு மிக அருகில் பந்தைப் பெற்ற டென்னசி, ஃபெதர்சின் டச்டவுனால் 7–3 என வென்றது. ஏறத்தாழ நாற்பது உதைகளில் ஒன்று பிழைத்ததே ஆட்டத்தின் முடிவாயிற்று. ஃபெதர்ஸ் 1934 இல் தொழில்முறை ஆட்டத்தில் ஒரே பருவத்தில் 1000 கெஜத்திற்கு மேல் ஓடிய முதல் வீரர் எனப் பெயர் பெற்றார்.

1935 இல் படைத்துறை இவரைப் பனாமா கால்வாய்ப் பகுதிக்கு மாற்றியது. அவ்வாண்டு டென்னசி அணி 4 வெற்றிகளும் 5 தோல்விகளும் பெற்றது.

இரண்டாம் காலப்பகுதி (1936–1940)

1936 இல் படையிலிருந்து மேஜர் பதவியில் ஓய்வு பெற்று நாக்ஸ்வில் திரும்பினார். 1938 இல் அணி 11 ஆட்டங்களிலும் வென்றது. அவற்றுள் இறுதியானது 1939 சனவரியில் ஓக்லகோமாவை 17–0 என வென்ற ஆரஞ்சுக் கிண்ண ஆட்டம்.

1939 ஆம் ஆண்டு இவரது கோட்பாட்டின் உச்சமாகக் கருதப்படுகிறது. அவ்வாண்டின் வழக்கமான பருவத்தில் ஆடிய 10 ஆட்டங்களில் டென்னசி 212 புள்ளிகள் எடுத்தது. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அதன்பின் எந்தப் பெரிய கல்லூரி அணியும் வழக்கமான பருவம் முழுவதையும் இவ்வாறு கடந்ததில்லை. 1938 இலிருந்து தொடர்ந்து 71 கால்பகுதிகளில் டென்னசிக்கு எதிராக எவரும் புள்ளி எடுக்கவில்லை என்பதும் நிலைத்துள்ள சாதனையாகும்.

எனினும் 1940 சனவரி 1 அன்று கலிபோர்னியாவில் நடந்த ரோஜாக் கிண்ண ஆட்டத்தில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியிடம் டென்னசி 0–14 எனத் தோற்றது. 1940 இன் வழக்கமான பருவத்திலும் 10 ஆட்டங்களில் வென்ற அணி, 1941 புத்தாண்டு நாளில் சர்க்கரைக் கிண்ண ஆட்டத்தில் பாஸ்டன் கல்லூரியிடம் 13–19 எனத் தோற்றது.

இந்தியாவில் பணி

1941 இல் படைத்துறை இவரை மீண்டும் பணிக்கு அழைத்தது. முதலில் நாட்டினுள் பொறியியற் பணிகளைக் கவனித்த நீலண்ட், பின்னர் சீன-பர்மா-இந்தியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டுப் பிரிகேடியர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தார்.

இப்போர்முனையின் முதன்மைச் சிக்கல் தொலைவே ஆகும். 1942 இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் சீனாவிற்கான தரைவழி அடைபட்டது. கப்பல்களில் கல்கத்தாத் துறைமுகத்தை அடைந்த சரக்குகள் தொடருந்திலும் ஆற்றுப் படகுகளிலும் அசாம் சென்று, அங்கிருந்து இமயமலைக்கு மேலாக வானூர்திகளில் சீனாவின் குன்மிங் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அசாமின் லிடோவிலிருந்து வெட்டப்பட்ட புதிய சாலை 1945 தொடக்கத்தில் பழைய பர்மா சாலையுடன் இணைந்தபின் சரக்குந்துகளும் செல்லத் தொடங்கின. பருவமழைக் காலத்தில் இவ்வழிகள் அனைத்தும் இடர்ப்பட்டன.

1945 இல் கல்கத்தாவின் 'இரண்டாம் தளப் பிரிவு' நீலண்டின் கட்டளையின் கீழ் இருந்தது. அவ்வாண்டு அப்பிரிவு, நகருக்கு வரும் அமெரிக்கப் படைவீரருக்காகக் 'கல்கத்தா கீ' என்னும் கையேட்டை இவரது முன்னுரையுடன் வெளியிட்டது. நகரைப் பற்றியும் அங்குள்ள மக்களின் சமயங்கள், பழக்கவழக்கங்கள் பற்றியும் அது விளக்கியது. 1943 இன் வங்காளப் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது.

இப்பணிகளுக்காக அமெரிக்காவின் சிறப்புச் சேவைப் பதக்கம், தகைமைப் படையணி விருது ஆகியவையும் பிரித்தானியப் பேரரசின் விருதும் இவருக்கு வழங்கப்பட்டன. 1946 இல் படையிலிருந்து இறுதியாக ஓய்வு பெற்றார்.

மூன்றாம் காலப்பகுதி (1946–1952)

திரும்பி வந்த முதலாண்டில் அணி 9 ஆட்டங்களில் வென்றது. ஆனால் 1947 இல் 5 வெற்றி, 5 தோல்வி எனவும், 1948 இல் 4 வெற்றி, 4 தோல்வி, 2 சமநிலை எனவும் சரிந்தது. நாடெங்கும் அணிகள் 'டி' அணிவகுப்பிற்கு மாறிவிட்ட நிலையில், ஒற்றைச் சிறகைக் கைவிடாத நீலண்டின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் கருதினர். இவர் முறையை மாற்றவில்லை, ஆட்களை மாற்றினார். புதிய இளம் வீரர்களைச் சேர்த்துப் பயிற்சியளித்தார்.

1950 இல் அணி 11 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. அவ்வாண்டு நவம்பரில், அதுவரை தோல்வி காணாத கென்டக்கி அணியைப் பனி படர்ந்த நாக்ஸ்வில் களத்தில் 7–0 என வென்றது. கென்டக்கியின் பயிற்றுனர் போல் பிரையன்ட் பின்னாளில் அலபாமாவில் பெரும்புகழ் பெற்றவர். ஆனால் அவரால் நீலண்டை ஒரு முறையும் வெல்ல முடியவில்லை. 1951 சனவரி 1 அன்று பருத்திக் கிண்ண ஆட்டத்தில் டெக்சாஸ் அணி 20–14 எனத் தோற்கடிக்கப்பட்டது. அதில் ஹாங்க் லாரிசெல்லாவின் 75 கெஜ ஓட்டம் இன்றும் பேசப்படுகிறது.

1951 இல் வழக்கமான பருவத்தின் 10 ஆட்டங்களிலும் வென்று, அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பில் தேசிய வாகையராக டென்னசி தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாக்கெடுப்பு அக்காலத்தில் கிண்ண ஆட்டங்களுக்கு முன்பே நடந்தது. அதன்பின் நடந்த சர்க்கரைக் கிண்ண ஆட்டத்தில் டென்னசி மேரிலாந்திடம் 13–28 எனத் தோற்றது. 1952 பருவத்துடன் நீலண்ட் பயிற்றுனர் பணியிலிருந்து விலகி, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை இயக்குநராகத் தொடர்ந்தார்.

பிற்காலக் கணித ஆய்வுகள்

நீலண்ட் அனுபவத்தால் கண்டதைப் பிற்காலத்தவர் எண்களால் அளந்தனர். 1971 இல், தொழில்முறை ஆட்டக்காரரான வர்ஜில் கார்ட்டரும் பேராசிரியர் ராபர்ட் மேக்கலும் 1969 ஆம் ஆண்டின் 56 தொழில்முறை ஆட்டங்களின் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். களத்தின் ஒவ்வொரு பகுதியிலும் முதல் முயற்சியைத் தொடங்கும் அணி, அடுத்து எடுக்கப்படும் புள்ளிகளில் சராசரியாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர். எதிரணியின் இலக்குக் கோட்டிலிருந்து உள்ள தொலைவின்படி சில மதிப்புகள் வருமாறு:

* 5 கெஜம்: 6.041 புள்ளிகள்
* 25 கெஜம்: 3.681 புள்ளிகள்
* 45 கெஜம்: 2.392 புள்ளிகள்
* 65 கெஜம்: 0.923 புள்ளி
* 75 கெஜம்: 0.236 புள்ளி
* 85 கெஜம்: –0.637 புள்ளி
* 95 கெஜம்: –1.245 புள்ளி

இறுதி இரண்டு மதிப்புகளும் எதிர்மறையாக இருப்பது கவனிக்கத்தக்கது. தன் இலக்குக் கோட்டிற்கு அருகே பந்தை வைத்திருக்கும் அணியைவிட, பந்து கையில் இல்லாத எதிரணிக்கே அடுத்துப் புள்ளி எடுக்கும் வாய்ப்பு மிகுதி என்பதே இதன் பொருள். பந்தைக் கொடுத்துவிட்டு இடத்தைப் பெறுவது சில வேளைகளில் இலாபமே என்னும் நீலண்டின் நிலைப்பாட்டிற்கு இது ஆதரவாகும். மேலும், 75 கெஜத் தொலைவில் தொடங்குவதற்கும் 65 கெஜத் தொலைவில் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.7 புள்ளி. ஓர் ஆட்டத்தில் பத்து முறை பந்தைப் பெறும் அணி ஒவ்வொரு முறையும் இந்த 10 கெஜ நன்மையைப் பெற்றால், அது ஒரு டச்டவுனுக்குச் சமமாகும்.

இவ்வெண்கள் 1969 இன் தொழில்முறை ஆட்டத்திற்குரியவை. 1930களின் கல்லூரி ஆட்டத்திற்கு அவற்றை அப்படியே பொருத்துவது பொருந்தாது.

இதன் மறுபக்கமும் உண்டு. பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை அணிகள் நான்காம் முயற்சியில் தேவைக்கு மேல் உதைத்துப் பந்தை ஒப்படைக்கின்றன என்று காட்டினார். எறிந்து ஆடும் ஆட்டம் வளர்ந்து, பந்தை வைத்திருப்பதன் மதிப்பு உயர்ந்துவிட்ட காலத்தில், இடத்திற்காகப் பந்தை விட்டுக்கொடுப்பது பல வேளைகளில் இழப்பாகிறது. அண்மைக் காலத்தில் அணிகள் நான்காம் முயற்சியிலும் முன்னேற முயல்வது கூடியுள்ளது. ஆகவே கள நிலையின் முக்கியத்துவம் நிலைத்திருந்தாலும், அதற்காகக் கொடுக்கத் தக்க விலை காலத்திற்குக் காலம் மாறுகிறது எனலாம்.

தொடக்க உதையின் இடமதிப்பும் அவ்வாறே விதிகளால் மாறுகிறது. தொழில்முறைக் கூட்டமைப்பு 2024 இல் தொடக்க உதையின் விதிகளை மாற்றியமைத்தது. காயங்களைக் குறைத்து, அதே வேளையில் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுவதை மீண்டும் ஊக்குவிப்பது அதன் நோக்கம்.

விமர்சனங்கள்

நீலண்டின் ஆட்டமுறை சலிப்பூட்டுவது என்ற குறை அவர் காலத்திலேயே கூறப்பட்டது. பருவ இறுதியில் வலிய அணிகளுடன் ஆடிய ஏழு கிண்ண ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே இவரது அணி வென்றது. எதிரணியின் தவற்றுக்காகக் காத்திருக்கும் முறை, தவறு குறைந்த அணியைச் சந்திக்கும்போது பயன் தருவதில்லை என்பதற்கு இதை எடுத்துக்காட்டுவர். தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனி ஆட்களைப் பயன்படுத்தும் முறையையும் இவர் விரும்பவில்லை. 1953 இல் கல்லூரி ஆட்டத்தில் அம்முறைக்குத் தடை வந்தது. ஆனால் 1960களில் அது மீண்டும் இசைவு பெற்றது. இன்றைய சிறப்பு அணிகள் அதன் விளைவே.

இக்காலத்து வெற்றிகளை மதிப்பிடும்போது நினைவிற்கொள்ள வேண்டிய மற்றொன்று இனப் பாகுபாடு. நீலண்ட் பயிற்றுவித்த காலம் முழுவதும் டென்னசி அணியில் கருப்பின வீரர் ஒருவரும் இல்லை. அப்பல்கலைக்கழகம் 1961 வரை கருப்பின இளநிலை மாணவரைச் சேர்க்கவில்லை. லிடோ சாலையை அமைத்த அமெரிக்கப் படைவீரருள் பெரும்பாலோர் கருப்பினத்தவர். அவர்கள் தாயகம் திரும்பியபோது டென்னசி போன்ற தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் வாயில்கள் அவர்களுக்கு மூடியே இருந்தன. லெஸ்டர் மெக்ளேன் என்பவர் 1968 இல் டென்னசி காற்பந்து அணியில் ஆடிய முதல் கருப்பின வீரர் ஆனார்.

இறுதிக் காலமும் நினைவும்

1956 இல் கல்லூரிக் காற்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் நீலண்டின் பெயர் சேர்க்கப்பட்டது. 1962 மார்ச் 28 அன்று நியூ ஓர்லியன்ஸ் நகரில் தமது 70 ஆம் அகவையில் இவர் காலமானார். இவரது உடல் நாக்ஸ்வில் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

1921 இல் 3,200 இருக்கைகளுடன் தொடங்கிய பல்கலைக்கழக விளையாட்டரங்கம் இவர் காலத்தில் பலமுறை விரிவாக்கப்பட்டது. 1962 இல் அதற்கு நீலண்ட் அரங்கம் எனப் பெயரிடப்பட்டது. பின்னர் மேலும் வளர்ந்து, இன்று ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய, ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய அரங்கங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அரங்கின் முன் இவரது வெண்கலச் சிலை 2010 இல் நிறுவப்பட்டது.

இவரிடம் ஆடிய பலர் பயிற்றுனர்களாயினர். அவர்களுள் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் பாபி டாட், டென்னசியின் பவுடன் வயட் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். தவறுகளைக் குறைத்தல், வாய்ப்பை எதிர்நோக்கியிருத்தல், உதைக்கும் ஆட்டத்தில் அழுத்தம் கொடுத்தல் முதலியவற்றை வலியுறுத்தி இவர் வகுத்த ஏழு விதிகளை, டென்னசி அணியினர் ஆட்டத்திற்கு முன் ஒன்றாகக் கூறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இவற்றையும் பார்க்க

* அமெரிக்கக் காற்பந்தாட்டம்
* டென்னசி பல்கலைக்கழகம்
* லிடோ சாலை
* ரக்பி